மூன்றாம் அறை அலறல்

"இதெல்லாம் பயம் இல்ல லொரெட்டா, வெறும் சத்தம்" என்றார் ஏன்சல், ஒலிப்பலகையில் தூசி இருக்கிறதா என்று ஒற்றை விரலால் தடவிப் பார்த்தபடி. "கதவு கிறீச்சுங்குது, சங்கிலி இழுபடுது, ஆந்தை கத்துது. எந்தக் குழந்தை இதுக்குப் பயப்படும்?"

"குழந்தைங்கள விடுங்க. அதுங்கள உள்ள கூட்டிட்டுப் போற அப்பாக்கள்தான் முதல்ல ஓடி வர்றாங்க" என்றாள் லொரெட்டா.

ஏன்சல் சிரிக்கவில்லை. சிரிப்பது அவர் தொழிலுக்கு ஆகாது. நியூயார்க்கிலிருந்து வரவழைக்கப்பட்ட 'அச்ச வடிவமைப்பாளர்' அவர். பெயர் அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. அக்டோபர் வெயிலிலும் கழுத்தில் கறுப்புக் கம்பளித் துண்டு. ஏரிக்கரைப் பூங்காவின் ஹாலோவீன் பேய் மாளிகைக்கு இந்த வருடம் அவர் இசை. பதினான்கு நிமிடம், பெரிய வயலின் போன்ற ஒரே செல்லோ, ஒரே சுரம். 'மௌனத்தின் அழுகல்' என்று அதற்குப் பெயர்.

மூன்று மணிக்குப் பூங்காவின் துணைத் தலைவர் ஹாலிஸ்டர் மாளிகைக்குள் நடந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்துவிட்டால், இனி எல்லாச் சத்தமும் ஏன்சல் அனுப்பும் பெட்டியிலிருந்தே வரும். லொரெட்டா சத்தங்களைப் பதிந்து சேர்த்துவரும் ஒலி அறையைப் பூட்டிவிடுவார்கள். அவளுடைய பதினெட்டு வருட வேலையும் அதோடு சரி. பிரிவு மரியாதையாக அவளுக்கு ஒரு சலுகை: பழைய ஒலிகளில் ஒன்றே ஒன்றை மூன்றாம் அறையில் வைத்துக்கொள்ளலாம்.

"எதை வெச்சிருக்க? ஆந்தையா?" என்று கேட்டான் டுவெயின். முதல் அறையில் பிண வேஷத்தில் குழியிலிருந்து எழுந்திருப்பவன். அழுகிய கன்னத்தை ஒதுக்கிக்கொண்டு ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தான்.

"ஒரு அலறல்."

"எது? எனக்குத் தெரியாம ஒரு அலறலா?"

"போன வருஷம் நீ காலை உடைச்சுக்கிட்டு வீட்டுல கெடந்த. அப்போ பதிஞ்சது."

டுவெயின் மேலே கேட்பதற்குள், தின்பண்டம் திருட வரும் ரக்கூன் ஒன்று பாப்கார்ன் மூட்டைக்குள் முன்காலை நுழைத்தது. பிணம் ஹாட் டாக்கோடு அதை விரட்டிக்கொண்டு ஓடியது.

ஹாலிஸ்டர் சரியாக மூன்று மணிக்கு வந்தார். பூசணிக்காய் படம் போட்ட டை. போன வருடம் தனியாக உள்ளே போனவர், அவசர போன் வந்ததென்று பாதியிலேயே பின்கதவு வழியாகப் போய்விட்டார். இந்த முறை போனை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, துணைக்கு ஏன்சலையும் லொரெட்டாவையும் அழைத்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷமா பயத்தை விக்கிறேன். ஒரு தடவகூட நான் பயந்ததில்ல. அதனாலதான் என்னால பயத்தை நடுநிலையா எடை போட முடியுது" என்றார்.

"கலைஞனுக்கு வேண்டிய பார்வை அது" என்றார் ஏன்சல்.

முதல் அறை. பச்சை வெளிச்சம், புகை, செல்லோ. சுரம் மாறினால் எழுந்திருக்கலாம் என்று டுவெயின் குழிக்குள் காத்திருந்தான். அது மாறுவதாக இல்லை. அவன் விட்ட கொட்டாவியில் ஒட்டுத்தாடை கழன்று விழுந்தது.

"ஆழம்" என்றார் ஹாலிஸ்டர்.

இரண்டாம் அறை. அதே செல்லோ. "ரொம்ப ஆழம்" என்றார் கடிகாரத்தைப் பார்த்தபடி.

'ஆழம்' என்ற ஒரே சொல்லால் இந்தப் பூங்காவில் பலருடைய வேலை போயிருக்கிறது என்பது லொரெட்டாவுக்குத் தெரியும்.

மூன்றாம் அறையில் செல்லோ இல்லை. இருட்டு, நடுவில் ஒரு சவப்பெட்டி. சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு கிளம்பியது அது. ஊசி போல மெலிதாகத் தொடங்கி, மூன்று படி ஏறி, உச்சியில் உடைந்து, கடைசியில் விக்கலோடு ஒரு "மம்மீ!"

ஏன்சலுக்கு மூச்சு முட்டியது. அலறலால் அல்ல, அவருடைய கம்பளித் துண்டை ஹாலிஸ்டர் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கியிருந்தார்.

"இது... இதுதான்யா!" துண்டை விட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். "பாருங்க, மயிர் எப்படி நிக்குதுன்னு! யாரோடது?"

"ஒலி அறையோடது" என்றாள் லொரெட்டா.

ஏன்சல் காற்று திரும்பியதைக் கண்டுகொண்டார். "என் இசை ரெண்டு அறையா உங்களப் பக்குவப்படுத்தி வெச்சுது. குரலும் தேர்ந்த குரல்தான். ஓபரா பாடகி. இருபத்திரண்டு வயசு இருக்கும்."

"இல்ல ஏன்சல், இது நடிப்பே இல்ல. மானம் மரியாதை எல்லாத்தையும் விட்டுட்டு, அடிவயித்துலேர்ந்து வர்ற கத்தல். கோடியில ஒருத்தருக்குத்தான் வாய்க்கும்."

ஹாலிஸ்டர் ஒலி அறையை மூடும் உத்தரவைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துச் சவப்பெட்டி மேல் விரித்தார். 'மூடப்படும்' என்பதை அடித்துவிட்டு 'தொடரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு லொரெட்டாவிடம் கொடுத்தார்.

"அப்போ என் செல்லோ?"

"கழிப்பறைப் பக்கம் போடுவோம். வரிசை சீக்கிரம் நகரும்." ஹாலிஸ்டர் லொரெட்டா பக்கம் திரும்பினார். "வாசல்ல, வானொலி விளம்பரத்துல, எல்லா இடத்துலயும் இனி இந்த அலறல்தான். பெரிய எழுத்துல பேரும் போட்டுடலாம். யார் அந்தப் பொண்ணு?"

"பேர் போடணும்னா, குரல் கொடுத்தவங்க சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும் மிஸ்டர் ஹாலிஸ்டர். சட்டப் பிரிவு விடாது."

"போடாம எங்க போகுது? என் முன்னாடி நிறுத்துங்க, நானே வாங்கித் தர்றேன்!"

லொரெட்டா உத்தரவை நான்காக மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள். பிறகு சம்மதப் பத்திரத்தை அவர் முன்னால் விரித்தாள்.

"பேனாவ மூடிடாதீங்க. நீங்க நடந்து பாக்க வரும்போது எல்லா அறையிலயும் மைக்கைத் திறந்தே வெச்சிருப்போம். போன வருஷம் இந்தச் சவப்பெட்டிக்குள்ளேர்ந்து ரக்கூன் குதிச்சதும் உங்களுக்கு அவசரமா ஒரு போன் வந்துச்சே, அப்போ பதிஞ்சது."