பாண் வேன் வீடு

கிட்ட நெருங்கி இருங்க. இது சத்தமாகச் சொல்லுற கதை இல்லை. சாமித்தம்பியின் காதில் விழப்படாது.

கடல் ஊருக்குள் வந்து போய் ஆறேழு மாசம். கல்குடாவில் சாமித்தம்பியின் வீடு இருந்த இடத்தில் கிணத்துக்கட்டு மட்டும்தான் மிச்சம். அவனும் பொஞ்சாதி அன்னப்பூரணியும் கடலை விட்டுத் தள்ளிக் கிரானில் அக்கா வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். நிவாரணத்தில் கிடைத்த புதுத்தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது.

"இந்த மாசத்துக்குள்ள தொழிலுக்கு இறங்காட்டித் தோணி வேற ஆளுக்கு" என்று மீனவர் சங்கத்தில் சொல்லிப்போட்டார்கள்.

விடியமுதல் தோணி தள்ள வேணுமென்றால் கரையில்தான் படுக்க வேணும். அதுக்கு சாமித்தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். சில்லு வைத்த வீடு. பழைய வேன் ஒன்றை வாங்கி, அதுக்குள்ளேயே பாய், அடுப்பு, பானை. அலை வந்தால் வீட்டோடேயே ஓடலாம்.

"எனக்கென்ன, நான் மணலிலயும் படுப்பன். இவளுக்குத்தான் கடலெண்டாப் பயம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஓட்டமாவடியில் பேக்கரி வைத்துப் பாண் போடுகிற றவூப் காக்காவிடம் ஒரு பழைய வேன் நின்றது. மணலில் இழுக்குதா என்று பார்க்க வேணும், கரைக்கே கொண்டு வாங்க என்று சாமித்தம்பி ஒற்றைக்காலில் நின்றான். காக்கா கொண்டுவந்தார். வழியில் ஆமிக்காரன் மறித்துப் பின்கதவைத் திறந்து, வெறும் தட்டுகளைக் கண்டு, பாண் இல்லையென்று முகம் வாடினானாம்.

சாமித்தம்பி வேனைச் சுற்றி வந்தான். தோணி பார்க்கிற மாதிரித்தான் பார்த்தான். விரல்மொழியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டு போனான். மறுகா ஒரு வாளி கடல்தண்ணி அள்ளி வந்து வேனுக்குள் ஊற்றினான்.

"என்ன வேல பாக்கிறாய் தம்பி?"

"ஓட்டை இருந்தா அடியால ஒழுகும் காக்கா."

"ஒழுகட்டுமே. இது ரோட்டில ஓடுற சாமான். மிதக்கிற சாமான் இல்ல."

"அலை வந்தாக் கொஞ்சம் மிதக்கவும் வேணும். தோணி எஞ்சின் மாதிரி ஒரே இழுவையில ஸ்டாட் வருமா?"

"இதுக்கு இழுவை இல்ல, சாவிதான். சிங்கம் மாதிரி வரும், பார்."

சிங்கம் இருமியது. அடங்கியது. ரெண்டாந்தரம் திருகினபோதுதான் பிடித்தது.

"அதுக்குள்ள அலை வந்து மடியில குந்தியிருக்கும்" என்றான் சாமித்தம்பி. "நான் இவளுக்காகத்தான் கேக்கன்."

"ஓட்டமாவடியில ஒரு நாளும் இது இருமினதில்ல. கடலைக் கண்டு இதுக்கும் பயம் போல."

றவூப் காக்காவுக்குப் பக்கத்தில் நின்ற அன்னப்பூரணியைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல தொழில்காரனை இப்படி ஆட்டிவைக்கிறாளே.

"ஏன் தங்கச்சி, கடற்கரையில பிறந்து வளந்த நீ, புருசனைப் பாண் வேனில வீடு கட்டச் சொல்லுறியே. அடுத்த வருசம் ஏரோப்பிளேன் கேப்பாய் போல."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"என்ன செய்ற காக்கா. பயந்த பிறவி."

அடுத்து வேனை நிறுத்துகிற பரீட்சை. வேனின் மூக்கு ரோட்டைப் பார்க்க வேணும், பின்பக்கம் கடலைப் பார்க்க வேணும். கிறுக்குங்க, இன்னும் கிறுக்குங்க என்று சாமித்தம்பி திருப்ப வைத்ததில் காக்காவின் சேட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டிப்போனது.

"இப்பிடி நிண்டாத்தான் இவளுக்கு நித்திரை வரும்."

"எல்லாம் சரி. படுக்கிற எங்க?"

"மேல் தட்டெல்லாத்தையும் கழட்டிப்போட்டு, கீழ்த் தட்டில பாய் விரிச்சாச் சரி. ஆள் நீட்டி நிமிந்து படுக்கலாமா காக்கா?"

"எத்தின ஆயிரம் றாத்தல் பாண் படுத்த தட்டு. உனக்கு மட்டும் காணாதா?"

அப்போது அன்னப்பூரணி மறுபடி வாய் திறந்தாள்.

"எனக்கு அளவு சரியா எண்டு நீங்க ஒருக்காப் படுத்துப் பாருங்களன்."

சாமித்தம்பி வேன் சாவியை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டு ஏறிப் படுத்தான். தட்டில் இன்னும் பாண் வாசம் இருந்தது.

"இவளுக்கு அளவு காணும். ஆனாக் காக்கா, இந்தத் தலைமாடு கொஞ்சம்..."

தலைமாட்டுக்கு என்ன குறை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உள்ளேயிருந்து குறட்டைதான் வந்தது.

"இதென்னகா, வேன் பாக்க வந்தவன் படுத்திட்டான்?"

"மெல்லக் கதையுங்க காக்கா. அலை அடிச்ச பிறகு இண்டைக்குத்தான் அவர்ர கண் மூடுது."

"அப்ப நீ...?"

அன்னப்பூரணி சட்டியொன்றை எடுத்தாள். சேலையைத் தூக்கிச் சொருகினாள். வீட்டு வாசலில் இறங்குகிற மாதிரி நேரே கடலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணியில் நின்று, காலால் மணலைக் கிண்டி மட்டிச் சிப்பி பொறுக்கத் தொடங்கினாள். ஒரு அலை தலைக்கு மேலால் வந்தது. குனிந்து அதை அனுப்பிவிட்டு, நிமிர்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி கிண்டினாள்.

றவூப் காக்கா ஏரோப்பிளேன் கதையைத் திருப்பி விழுங்கினார்.

வெகுநேரத்துக்குப் பிறகு வேன் கதவு கிறீச்சென்றது. அன்னப்பூரணி ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். மட்டிச் சட்டி காக்காவின் கைக்கு மாறியது.

சாமித்தம்பி கண்ணைக் கசக்கினான்.

"ஏன் இவளே, இப்பிடி நனைஞ்சிருக்காய்?"

"நீங்க படுத்திட்டீங்க. தனிய நிண்டு பயத்தில வேர்த்துப் போச்சி."

"பாத்தீங்களா காக்கா? இதுக்குத்தான் நான் வேன் கேட்டது."

சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு காக்கா தலையாட்டினார்.

"ஓம் தம்பி. தங்கச்சிக்கு நல்ல பயம்தான். தனியப் படுக்க விட்டிராத. நீயும் பக்கத்திலயே படு."

அன்னப்பூரணி வேனுக்குள் ஏறினாள். கடல் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினாள். மறுகா புருசனின் கையை இறுக்கிப் பிடித்து, ஒருக்கா நல்லா நடுங்கிக் காட்டினாள்.