பதினாறால் பெருக்கு

வாயுக்குழாய் வெடித்து, ஆபரேட்டர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். கணக்கில் வாயுவின் அடர்த்தியைப் பதினாறு மடங்கு கூட்டிப் போட்டதால், குழாயைத் தேவையைவிடக் குறுகலாக அமைத்துவிட்டார்கள். யார் தலையை உருட்டுவது என்று விசாரணை அதிகாரிக்குப் புரியவில்லை.

“கம்ப்யூட்டர் சிமுலேஷன் ரிசல்ட்ல அடர்த்தி எப்பவும் கன அடிக்கு இத்தனை பவுண்டுன்னுதான் வரும் சார். நான்தான் பதினாறால பெருக்கி கன மீட்டருக்கு இத்தனை கிலோன்னு மாத்துவேன். பழகின கை, யூனிட்டைப் பார்க்கல,” என்றார் குழாய் டிசைனர்.

அதிகாரி, சிமுலேஷன் செய்த பெண்ணிடம் திரும்பினார்.

“‘ஒரு தடவையாவது நீயே மாத்தி அனுப்பக்கூடாதா’ன்னு இவர் எரிஞ்சு விழுந்தார் சார். அதான், இந்தத் தடவை மாத்தியே அனுப்பினேன்.”

அவள் பெருக்கியதையே டிசைனர் மறுபடி பெருக்கியிருக்கிறார்.

“பக்கத்து மேஜைதானேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவள் தலை குனிந்தாள்.

“முந்தின நாள் வீட்ல சண்டை சார். ஒரே வண்டியிலதான் ஆபீஸ் வந்தோம். பேசிக்கல.”