மாடி வீட்டு வளர்ப்பு

"நாலு மாசமா கீழ்வீட்ல இருக்கேன். உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கறதே இன்னைக்குத்தான் தெரியுது. மாடியில ஒரு காலடிச் சத்தம்கூட கேட்டதில்லையே" என்றாள் கசுமி, ஊரிலிருந்து வந்த பேரிக்காய்ப் பையை நீட்டியபடி.

"எல்லாம் வளர்ப்புதாங்க" என்றாள் ரியோகோ.

ஐந்து வயது மிட்சுகி மண்டியிட்டு உட்கார்ந்து, தேநீரை இரண்டு கைகளாலும் வைத்துவிட்டு, நெற்றி பாயில் படும்படி வணங்கினாள்.

"என் வீட்லயும் ஒண்ணு இருக்கே, குரங்கு. குதிச்சுக் குதிச்சே சோபாவை உடைச்சிடுச்சு. ஒரு வாரம் உங்ககிட்ட அனுப்பட்டுமா?"

"தாராளமா அனுப்புங்க."

கசுமி கிளம்பியபோது, வாசலில் அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் குழந்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, ஜோடி சேர்த்து வைத்திருந்தாள். கசுமிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. காலை நுழைத்துக்கொண்டே செருப்பு அலமாரியைப் பார்த்தாள். அப்பாவுடையது நான்கு ஜோடி, அம்மாவுடையது ஆறு. சின்னதாக ஒன்றுகூட இல்லை.

"உன் செருப்பு எங்கம்மா?"

மிட்சுகி அம்மாவைப் பார்த்தாள். ரியோகோ பெருமையோடு தலையசைத்த பிறகே வாயைத் திறந்தாள்.

"வெளியில போற அளவுக்கு நான் இன்னும் நல்ல பிள்ளை ஆகல ஆன்ட்டி. ஆனதும் வாங்கித் தருவாங்க."