கெல்டாவின் மோல்டி

"இந்தக் குதிரைக்கு டோல்ட் வராது. நீ என்னை ஏமாத்திட்ட, ஹல்லா," என்றார் பால்மி.

பட்டியைச் சுற்றி நின்ற இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நாள் மலையில் அலைந்து ஆடுகளைத் திரட்டிக் கொண்டுவந்து, அப்போதுதான் கறி சூப்பில் வாய் வைத்திருந்தார்கள். பால்மி அவர்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னால், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, மழையில் நடந்தே வந்து சேர்ந்தார்.

அவர் ரெய்க்யவிக்கில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று இந்தப் பள்ளத்தாக்கில் வீடு வாங்கினார். ஜூன் மாதம் ஹல்லாவிடம் மோல்டி என்ற இந்தக் குதிரையை வாங்கினார். ஆடு திரட்டுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது இதுதான் முதல் தடவை. ஊர் சிரித்துவிட்டால் அடுத்த செப்டம்பரில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் நடந்து வந்த வழியெல்லாம் யோசித்து, தப்பு யார் மேல் என்று தீர்மானித்துக்கொண்டுதான் வந்தார். வகுப்பிலும் விடை தப்பாக வந்தால் அவர் தன்னைச் சந்தேகித்ததில்லை.

ஐஸ்லாந்துக் குதிரையின் பெருமையே டோல்ட் என்ற நடைதான். வேகமாகப் போகும், மேலே இருப்பவருக்கு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதைப் பற்றி பால்மி நான்கு புத்தகம் படித்திருந்தார். மோல்டி மேல் ஏறினால் மட்டும் பல்லோடு பல் மோதியது.

"மெதுவா வாத்தியாரே, குதிரை காதுல விழப்போகுது," என்றார் பக்கத்துப் பண்ணை கோல்பெய்ன். "கொஞ்சம் பின்னாடி சாஞ்சு உட்காருங்கன்னு போன மாசமே சொன்னேன்."

"எண்பத்திரண்டாம் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

கோல்பெய்னுக்குத் தெரியவில்லை.

ஹல்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மோல்டியின் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் பால்மியின் முகத்தைப் பார்த்தாள். அதைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"நீங்க சொல்றது சரி," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "குறை குதிரைகிட்டதான். எங்க பண்ணையில ஒண்ணு ரெண்டு இப்படிப் பிறந்துடுது. விட்டுட்டுப் போங்க, வேற தரேன்."



இங்கே குதிரையின் பெயரோடு அது பிறந்த பண்ணையின் பெயரும் சேர்ந்தே வரும். இவன் முழுப் பெயர் கெல்டாவின் மோல்டி. கெல்டா ஹல்லாவின் பண்ணை. மோல்டியைக் குறை சொன்னால் அவள் குடும்பத்தையே சொன்ன மாதிரி. பண்ணைக்காரி ஒருத்தி அதை ஊர் முன்னால் தன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கோல்பெய்ன் தொண்டையைச் செருமினார். "எனக்கும் அவன் மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"கண்ணே சரியில்ல," என்றாள் ஒருத்தி.

"வாலும்," என்றார் அவள் புருஷன்.

"பரவாயில்ல ஹல்லா. யாருக்கும் வர்றதுதான்," என்றார் பால்மி. தன் பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது. இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். குதிரை இனவிருத்தியில் தவறுகள் எப்படி நேர்கின்றன என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார். யாரும் குறுக்கே பேசவில்லை. கோல்பெய்ன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

வீட்டுக்குச் சரளைச் சாலையில் நடந்து போகும்போது பின்னால் குளம்புச் சத்தம். தகதிமி, தகதிமி என்று ஒரே சீராக. இதல்லவா டோல்ட் என்று நினைத்து, ரசிப்பதற்காக ஓரமாக ஒதுங்கி நின்றார்.

வந்தது மோல்டி.

மேலே ஹல்லா. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் காய்ந்த மீன், மென்றுகொண்டே வந்தாள். அவள் கம்பளித் தொப்பியின் குஞ்சம்கூட ஆடவில்லை. அவரைப் பார்த்ததும் சட்டென்று குதிரையை நிறுத்தினாள்.

"நீங்க கார்ல போயிருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றாள்.

பால்மி மோல்டியின் கண்ணைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. வாலும்.

"குதிரைகிட்ட குறையில்ல," என்றார்.

"இல்ல."

"அப்ப என்கிட்டதான்."

"முன்னாடி சாயறீங்க. கடிவாளத்தை விட்டா ஓடிப்போயிடும்ங்கற மாதிரி பிடிக்கறீங்க. ரெண்டு வாரம் பழகினா சரியாயிடும்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே."

"இருபது பேர் முன்னாடியா? முதல் தடவையா வந்திருக்கீங்க. தொப்பலா நனைஞ்சு வந்து நின்னீங்க. மனசு வரல."

இத்தனை வருஷமும் தப்பை ஒப்புக்கொள்ளச் சொல்லி மாணவர்களைத்தான் பால்மி கேட்டிருக்கிறார். தனக்கு அது எப்படி வரும் என்று தெரியவில்லை.

"உன் பண்ணைப் பேரைக் கெடுத்துட்டேனே," என்றார் கடைசியில். "இப்பவே திரும்பிப் போய்ச் சொல்லிடறேன், தப்பு என்னோடதுதான்னு. என்னை அடுத்த வருஷம் கூப்பிடாட்டியும் பரவாயில்ல."

இரண்டடி நடந்தும் விட்டார். தியாகம் செய்யப் போகிற அந்த நடையில் லேசாக ஒரு மிடுக்கு ஏறியிருப்பதை அவரே கவனித்து, தோளைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"நில்லுங்க," என்றாள் ஹல்லா. "பண்ணைப் பேருக்கு ஒண்ணும் ஆகல. இவனைப் பழக்கினதே கோல்பெய்ன்தான். அங்க இருந்தவங்கள்ல இவன் மேல ஏறிப் பாக்காதவங்க யாருமில்ல."

பால்மி சாலை நடுவில் நின்றார்.

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரிய வேண்டாம். சிரிப்பை அடக்கிக்கிட்டு ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க, பாவம்."