கூம்புக்கு எதற்கு மூன்று அளவு?

"உங்க சட்டைப்பையில இந்தச் சீட்டு இருந்துச்சே, இது யாரோட அளவு?" என்று நேற்று அழுக்குத் துணியைப் பிரிக்கும்போது அவள் கேட்டாள். "கூம்போட அளவு" என்றான் கணவன், தட்டிலிருந்து தலை தூக்காமல். "ஒரு கூம்புக்கு எதுக்குங்க மூணு அளவு? வாயும் உயரமும் போதாதா? காதுல பூ சுத்தாதீங்க."

இப்போது, உச்சி வெயில் தகரத் தாள்களில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் அவனுடைய பட்டறையில், அவள் அந்தச் சீட்டோடு நிற்கிறாள். 15, 20, 25. எண்கள் முத்து முத்தாக இருக்கின்றன. அவன் கையெழுத்து இல்லை. மேசைமேல் புதுக் கூம்பு ஒன்று வாய் கவிழ்ந்து நிற்கிறது. அவன் சுத்தியலைக் கீழே வைக்காமலே அவளைப் பார்க்கிறான். அவள் ஸ்கேலைக் கூம்பின் சரிவோடு ஒட்டிச் சாய்த்து வைக்கிறாள்: இருபத்தைந்து. அடுத்து ஸ்கேலைப் பக்கத்தில் நேராக நிறுத்தி, கூம்பின் நுனியிலிருந்து சீட்டைப் படுக்கையாக நீட்டிப் பார்க்கிறாள்: இருபதுதான். வாயின் அகலம் முப்பது. நடுவிலிருந்து விளிம்புக்குப் பதினைந்து. விரல் நுனியில் தகரத்தூள் மினுங்குகிறது. "கணக்கு சரியாத்தான் இருக்கு. கையெழுத்து யாரோடது?" "ஆர்டர் கொடுத்த கணக்கு டீச்சரோடது. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு பேனாவைப் பிடுங்கி அவங்களே எழுதிட்டாங்க." அவள் அவன் கண்ணையும் நெற்றி வியர்வையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். சீட்டை நான்காக மடிக்கிறாள், மறுபடியும் பிரிக்கிறாள். கல்யாணமான நாள் முதல் நான்கு வருடமாகத் தொண்டையிலேயே நின்றுவிட்ட ஆசை இப்போது வெளியே வருகிறது. "நாளையிலேர்ந்து அளவு எழுதுற வேலைய எனக்குக் கொடுங்க. நானும் பட்டறைக்கு வரேன்."