கரடுமுரடின் எட்டுப் பாட்டு

"எட்டுப் பாட்டாம்மா! எட்டும் என்னைத் திட்டி!"

நகரசபைத் தலைவர் போஸ்டரை மேஜைமேல் விரித்துப் போட்டார். கறுப்பு மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட ஒருவன் அதில் விறைப்பாக நின்றான். பாடகர் பெயர், கரடுமுரடு. ஹிப்-ஹாப் ஆல்பத்தின் பெயர், 'தலைவரே, எந்திரிங்க!' வெளியீடு, அடுத்த மாதம் முதல் ஞாயிறு, மார்க்கெட் வாசலில்.

"ஹிப்-ஹாப்னா மூச்சு விடாம திட்டுவாங்க தலைவரே. நடுவுல பதில் சொல்லக்கூட இடம் கிடைக்காது" என்றாள் மனு அக்கா. பதினோரு வருடமாக மனுப் பிரிவில் உட்கார்ந்திருந்ததற்கு அலுவலகம் கொடுத்த பட்டம் அது.

"பக்கத்து ஊர்த் தலைவர் மேல ஒரே ஒரு பாட்டு வந்துச்சு. மனுஷன் தெருவுல நடந்தாலே பசங்க தாளம் போட்டானுங்க. தேர்தல்ல மண்ணைக் கவ்வினாரு. எனக்கு இன்னும் ரெண்டே மாசம்! போஸ்டரையெல்லாம் கிழிச்சிடலாமா?"

"கிழிச்சா அதுதான் ஒன்பதாவது பாட்டு."

தலைவர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "பாட்டு வரி ஏதாவது சிக்குச்சா?"

"ஒரு வரிகூட யார் காதுலயும் விழலை. தலைப்பு மட்டும்தான் போஸ்டர்ல இருக்கு."

"படி."

"ஒண்ணு, 'மூடி இல்லாத சாக்கடை'. ரெண்டு, 'லைட்டு எங்கே, லைட்டு?' மூணு, 'பூட்டுக்குள்ளே நூலகம்'..."

"போதும், நிறுத்தும்மா!" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஏம்மா, சாக்கடைக்கு மூடி போட்டுட்டா அந்தப் பாட்டு பொய்யாயிடும்ல?"

மனு அக்கா வாயைப் பிளந்தாள். "அட! உங்களுக்குன்னு தோணுது பாருங்க!"

"இன்ஜினீயரைக் கூப்பிடும்மா!"

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! ஏழு வருடம் தூங்கிய கோப்புகள் எழுந்து ஓடின. தலைவரே வெயிலில் குடையோடு நின்று சாக்கடைக்கு மூடி போட வைத்தார். விளக்கு எரிந்த தெருக்களில் ஜனங்கள் கைதட்டினார்கள். நூலகத்தின் பூட்டுக்குச் சாவி கிடைக்கவில்லை. உடைக்கச் சொல்லிவிட்டார்.

கடைசிப் பாட்டு, 'கைப்பிடி இல்லாத பாலம்'. சனிக்கிழமை சாயங்காலம் அதற்கும் கைப்பிடி வைத்தாயிற்று. அதைத் தடவிப் பார்த்த மனு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் கடக்கும் பாலம். அதற்காக மட்டும் அவளிடம் நாற்பத்தோரு மனு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட் வாசலில் கூட்டம் நெரிந்தது. பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. கரடுமுரடு வரவே இல்லை.

"ஓடிட்டான்!" தலைவர் துள்ளிக் குதித்தார். "பாடறதுக்கு ஒரு குறை மிச்சம் வச்சேனா நான்?"

கூட்டம் விசிலடித்தது. யாரோ டிரம் தட்ட, தலைவர் ரெண்டு ஸ்டெப்பும் போட்டார். அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

மனு அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். முன்னறையில் அச்சு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் மை படிந்த கையோடு எழுந்தான்.

"என்னாச்சு?"

"எட்டும் முடிஞ்சுதுங்க!" அவன் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையாகக் குதித்தாள்.

"அப்பாடா! எங்கே ஒரு பாட்டாவது பாடுன்னு யாராவது தேடி வந்துடுவாங்களோன்னு உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்குத் தாலாட்டுகூட ஒழுங்கா வராதே!"

"பாட்டு யாருக்குங்க வேணும்?" கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள் மனு அக்கா. "ரெண்டாவது ஆல்பத்துக்குப் பன்னிரண்டு தலைப்பு எழுதிட்டேன். அந்த மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு விறைப்பா நில்லுங்க, போட்டோ எடுக்கணும்."