இடப்பக்கத்துக் கியர்

பூதக்கண்ணாடி மூன்றாவது முறையாக அந்த வண்டியைச் சுற்றி வந்தார். இன்னும் ஒரு குறையும் சிக்கவில்லை.

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான மலைப்பாதைப் பந்தயத்தில் இருபது வருடமாக அவர்தான் பரிசோதகர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

விதி ஒன்றுதான். வண்டியில் என்ன மாற்றம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் மாட்டுகிற ஒவ்வொரு சாமானும் அந்தக் காலத்தில் வண்டியைச் செய்த கம்பெனியே பந்தயத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பட்டறையில் வளைத்த ஒரு தகடு கண்ணில் பட்டாலும் வண்டி வெளியே போய்விடும்.

அவரை ஏமாற்றவும் முடியாது. கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். முத்திரையில் ஓர் எழுத்து மயிரிழை சாய்ந்திருந்தாலும் போலி என்று சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரின் வாயை இந்த வண்டி கட்டிப்போட்டிருந்தது.

டேங்க் கையால் தட்டிய அலுமினியம். அடியில், தட்டியவரின் குறி அப்படியே இருந்தது. கார்புரேட்டர், பந்தயப் பிரிவில் மட்டும் வந்த அகல வாய்க்காரன். கிக்கரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்குக் கம்பெனி மூடியையே போட்டிருந்தார்கள். பந்தய வண்டியை உதைத்துக் கிளப்பும் வழக்கமில்லை, தள்ளித்தான் கிளப்புவார்கள். அதெல்லாம் தெரிந்த கை. நட்டு கழலாமல் இருக்கக் கம்பி முறுக்கிக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது.

'அருமை' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். பரிசோதகர் பாராட்டினால் மரியாதை போய்விடும்.

வண்டியைக் கட்டிய மெக்கானிக் ஓரமாகக் கைகட்டி நின்றான். நாற்பது வயதிருக்கும். போன வருடமும் இதே வண்டியைத்தான் கொண்டுவந்தான். வலப்பக்கம் இருக்க வேண்டிய கியர் லீவரை வெல்டிங் வைத்து இடப்பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தான். அங்கே இருந்த கால் பிரேக்கை ஹேண்டில்பாருக்கு ஏற்றியிருந்தான். பூதக்கண்ணாடி அரை நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்.

"உங்க சௌகரியத்துக்கெல்லாம் வண்டிய மாத்த முடியாது, தம்பி" என்று நாலு பேர் சிரிக்கும்படி சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது.

அன்று அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

கடைசிக்கென்று விட்டுவைத்திருந்த அந்த இடத்தை இப்போது குனிந்து பார்த்தார். கியர் லீவர் மறுபடியும் இடப்பக்கம். பின் பிரேக் மறுபடியும் கையில், கிளட்சுக்குக் கீழே.

சரிதான், ஆள் திருந்தவில்லை. இந்த வருடமும் வெளியேதான் என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியை வைத்தார்.

லீவரில் கம்பெனி முத்திரை இருந்தது.

பட்டியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அந்த எண் கிடைத்தது. ஒரே ஒரு பந்தயத்தில் ஓடிய ஒரே ஒரு ஓட்டுநருக்காகச் செய்தது, மொத்தம் மூன்று செட். முப்பது வருடக் கிடங்கு வாழ்க்கையில் அவரே கண்ணால் பார்க்காத சாமான்.

"இது எப்படிப்பா கெடச்சுது?"

"பதினோரு மாசம் அலைஞ்சேன், சார்."

"இதால வேகம் ஒரு துளி கூடாதே. எதுக்கு இந்தப் பாடு?"

"ஓட்டுறவங்களுக்கு அப்படித்தான் வேணும், சார்."

யாரோ வசதியுள்ள மனிதரின் வீம்பு என்று பூதக்கண்ணாடி எண்ணிக்கொண்டார். இருந்தாலும் விதி விதிதான். அனுமதிச் சீட்டை ஹேண்டில்பாரில் கட்டினார். விழுங்கி வைத்திருந்த 'அருமை'யும் அவரை மீறி வெளியே வந்துவிட்டது.

மெக்கானிக் முகம் மலர்ந்தது. வாசல் பக்கம் திரும்பி, "அக்கா, வாங்க!" என்று குரல் கொடுத்தான்.

ஐம்பதை ஒட்டிய பெண்மணி ஒருவர் தோல் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக உள்ளே வந்தார். வலது அக்குளில் ஊன்றுகோல். பேண்டின் வலது கால் முழங்காலுக்குக் கீழே மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது.

பட்டியலில் கண்ட அந்த ஒரே ஒரு ஓட்டுநர் அன்று எதற்காக அந்த லீவரைக் கேட்டிருப்பார் என்று பூதக்கண்ணாடிக்கு இப்போதுதான் உறைத்தது. போன வருடம் தான் பேசிய பேச்சும் கூடவே வந்து சுட்டது.

"போன வருஷமே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார்.

"காலக் காட்டி சலுகை வாங்கினா வண்டியே ஏற மாட்டேன்னுட்டாங்க, சார்."

அக்கா அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். ஊன்றுகோலைப் பூதக்கண்ணாடியிடம் நீட்டினார்.

"கொஞ்சம் புடிங்க சார், மேல போயிட்டு வந்துடுறேன்."

அடுத்த தெருக் கடைக்குப் போவதுபோல் சொன்னார். தம்பி பின்னாலிருந்து தள்ளினான். பத்தடிக்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. இடது கால் கியரை மாற்ற, வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் தொடக்கக் கோட்டுக்குப் போய் வரிசையில் நின்றது. பூதக்கண்ணாடி பார்த்த கண் வாங்காமல் நின்றார்.

கொடி இறங்கியது. முதல் வளைவைத் தாண்டிச் சத்தம் மேலேறிப் போன பிறகுதான், கையில் ஊன்றுகோல் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. கைப்பிடியில், வண்டி ஹேண்டில்பாரில் போடுகிற மாதிரி தேய்ந்த ரப்பர் உறை ஒன்று மாட்டியிருந்தது.

பழக்கதோஷம். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார்.

கம்பெனி முத்திரை. பந்தயப் பிரிவுதான்.